தெற்கே குறுங்கோணம்

செந்தில்வேல் தென்னமட்டையைத் தரையில் கிடத்தி மறுபடியும் அளந்து பார்த்தான். சுற்றுவட்டாரத்தில் சிதை அடுக்க அவனைத்தான் கூப்பிடுவார்கள். மட்டையின் முனை மதிலில் போய் முட்டியது.

“அகலம் பத்தாது அக்கா. வடக்க தள்ளி அடுக்குனா அடுக்களை பத்திக்கிடும்.”

ஷியாமளா வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். காரக்கோணம் ஆஸ்பத்திரியிலிருந்து விடிகாலையில் கொண்டுவந்த அவள் புருஷன் கருணாகரன் முன்னறையில் கோடித்துணி போர்த்திக் கிடந்தார். வீட்டுத் தோட்டமான சொந்தப் பறம்பின் தெற்குப் பக்கத்தில் எரிப்பதுதான் இங்குள்ள வழக்கம். இந்தப் பறம்போ தெற்கே போகப்போக ஒடுங்கி, ஆப்பு முனைபோல முடிந்துவிடுகிறது.

மகள் தன்யா பக்கத்தில் வந்தாள். “அம்மா, டவுண் சுடுகாட்டுக்குக் கொண்டு போயிரலாம். கரண்டு அடுப்பாக்கும். செலவும் இல்ல, சண்டையும் இல்ல.”

“இந்த மண்ண விட்டுப் போவமாட்டேன்னு சொன்ன மனுசன்டீ உங்கப்பா.”

“அப்பாதானேம்மா மண்ண இப்பிடிக் குறுக்க வெட்டினது?”

அது உண்மைதான். கருணாகரன் பாறசாலையில் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கணக்கு வாத்தியார். நீளமான அந்தப் பறம்பில் வடகிழக்கு மூலையில் கிணறு, தென்மேற்கு மூலையில் பிலா மரம். அண்ணன் செல்லசாமி, தம்பி கருணாகரன் இருவருக்கும் இரண்டும் வேண்டும். பாகம் வைக்க முடியாமல் ஷியாமளாவின் மாமனார் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, புதிதாகக் கல்யாணமாகியிருந்த கருணாகரன் ஒரு வாழையிலைத் துண்டை மூலைக்கு மூலை கிழித்தார். ஒரு துண்டைத் திருப்பி இன்னொன்றின் மேல் வைத்தார். “பாருங்கப்பா, ரெண்டு செங்கோண முக்கோணம். இதுலயும் அதுலயும் மூணு கோணமும் ஒண்ணு போல. யாருக்கும் கூடுதலும் இல்ல, குறைவும் இல்ல.”

மாமனார் சிரித்தார். அண்ணன் செல்லசாமி தம்பியின் முதுகில் ஓங்கி அடித்து, “வாத்தியானுக்க புத்திலே!” என்றார். அன்று அந்த இலையிலேயே பழம் வைத்துத் தின்றார்கள். வடக்கே கிணற்றடியில் அண்ணனுக்கு மூலை கூர்ந்ததையும், தெற்கே பிலாவடியில் தம்பிக்குக் கூர்ந்ததையும் யாரும் நினைக்கவில்லை. கல்யாணமான புதுசில் சாவை நினைத்து யார் நிலம் அளக்கிறார்கள்?

கருணாகரன்தான் என்ன சந்தோஷமான மனிதர்! வீட்டில் எல்லாருக்கும் கோணத்தில்தான் பெயர். பிலாச்சக்கை வெட்டக் குனியும் ஷியாமளா குறுங்கோணம். இடுப்பில் கைவைத்துப் பின்னால் சாய்ந்து நிற்கும் அண்ணன் விரிகோணம். முற்றத்துத் தரையில் பதிக்க ஆறு மூலை ஓடுதான் வேண்டுமென்று பாலராமபுரம்வரை அலைந்து வாங்கி வந்து, “மூணு மூலை கூடுற எடத்துல ஒரு எறும்பு நுழையாது பாத்தியா?” என்று அவளைக் குந்தவைத்துக் காட்டினார். பிறகு ஒரு கோடையில் பிலாவில் பழுத்த சக்கை யாருடையது என்று பேச்சு முற்றி, செல்லசாமி மண் குழைத்து இந்த வெட்டுக்கல் மதிலைக் கட்டினார். அதோடு பேச்சும் நின்றது.

இப்போது மதிலுக்கு மேலே அந்த நெட்டை மனிதரின் தலை தெரிந்தது. ஷியாமளா சேலைத்தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு போனாள்.

“அண்ணே, இந்த மூலையில மட்டும் மதில கொஞ்சம் எடுத்துத் தரணும்.”

“எடுத்தாலும் அங்க ஒக்காது. காத்து அடிச்சா கூரையில தீ ஏறும்.” செல்லசாமி அவள் முகத்தைப் பார்க்காமலே பேசினார். “இங்க கெடத்து. என் தெக்கு மூலையில தாராளமா எடம் உண்டு. மாமர வெறகும் கெடக்கு.”

“அது…”

“எனக்கு வச்ச எடமாக்கும். நான் பொறவு பாத்துக்கிடுதேன்.”

“சொந்த மண்ணுலதான்னு அவரு சொல்லிட்டே இருந்தாரு அண்ணே.”

“பின்ன இது யாருக்க மண்ணு? எங்கப்பனுக்க மண்ணு.”

அவள் தலையாட்டினாள்.

கருணாகரனை ரோடு சுற்றி அண்ணன் வீட்டு வாசல் வழியாகக் கொண்டுபோனார்கள். கொள்ளி வைக்க மகன் இல்லை. தன்யாவே கூடப் போனாள். கட்டினவள் சிதைக்குப் போகும் வழக்கமில்லை. ஷியாமளா மதிலருகே நின்றாள். எக்கிப் பார்த்தாள், விரல்தான் மேலே எட்டியது, கண் எட்டவில்லை. அந்தப் பக்கம் குடம் உடையும் சத்தம் கேட்டது.

“நில்லு மக்கா, தீ வைக்காண்டாம்.” செல்லசாமியின் குரல்.

சருகுமேல் நடந்து யாரோ மதிலை நோக்கி வந்தார்கள். தலைக்கு மேலே கல் உரசியது. காய்ந்த மண் அவள் நெற்றியில் உதிர்ந்தது. ஒரு கல், அடுத்து ஒரு கல். அப்பால் மூச்சு வாங்குவது கேட்டது.

“தெரியுதா, பிள்ளே?”

பிலாக் கொம்பும், அடுக்கிய விறகின் மேல்விளிம்பும் தெரிந்தன.

“இன்னும் ஒரு வரி கல்லு, அண்ணே.”

செல்லசாமி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அடுத்த கல்லை இரண்டு கையாலும் பிடித்து அசைத்தார்.