சோப்புத் தண்ணீர் என்று எழுதிய துண்டு

என் மனைவி சலவைக் கூடத்தில் வேலை பார்த்தாள். சோப்புத் தண்ணீர் என்று லேபிள் ஒட்டிய கேனைத் திறந்து வெந்நீர்த் தொட்டியில் ஊற்றினாள். உள்ளே இருந்தது அமிலம். முகமும் நெஞ்சும் வெந்து மூன்றாம் நாள் இறந்தாள். "மேல சோப்புன்னுதான் இருந்துச்சு," என்று என்னிடம் மட்டும் சொன்னாள்.

மேற்பார்வையாளர் அவளுடைய அண்ணன். வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான். காலையில் காலிக் கேன்களை வரிசையாக வைத்து, பழைய லேபிள்மேலேயே புதியதை ஒட்டிவிடுவார். நிரப்புவது பிறகு. உரிக்க யாருக்கும் நேரமில்லை. அன்று வரிசையில் ஒரு கேன் காலியாக இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் லேபிள் என்ற சொல்லின் வேரைப் போனில் தேடிப் படித்தேன். வேறு செய்ய ஒன்றுமில்லை. லேபிள் என்றால் முதலில் துணிப்பட்டை, நாடா. பின்பு பத்திரத்தில் முத்திரை தொங்கிய நாடா. பின்பு பொருளின் பெயர்ச்சீட்டு. கடைசியாக, மனிதர்மேல் குத்தும் பெயர். இவள்மேல் கவனக்குறைவு என்று குத்தியிருந்தார்கள்.

அவள் இறந்த மறுநாள், விசாரணை அதிகாரி நான்கு மணிக்குச் சலவைக் கூடத்துக்கு வருவதாக இருந்தது. மூன்றரைக்குச் சாமான் அறைக்குப் போனேன். மச்சான் குந்தி உட்கார்ந்து, ஈரத்துணியும் கத்தியுமாக அந்தக் கேனைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மேல் லேபிள் போய்விட்டால் அடியிலுள்ள அமிலம் என்ற எழுத்துதான் தெரியும். பார்க்காமல் ஊற்றினாள் என்று முடிந்துவிடும்.

"போனவ திரும்பி வரப் போறதில்ல மாப்ளே. எனக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்கு."

உரித்த துண்டைக் கேட்டேன். வாயில் போட்டுக்கொண்டார்.

அவர் தலையைக் கேனில் மோதினேன். கத்தி என் முழங்கையைக் கிழித்தது. மறுபடி மோதினேன். மூக்கு உடைந்தது. விழுங்கப் பார்த்தார். நெஞ்சில் முட்டியை ஊன்றி, தாடையைப் பிளந்து இரண்டு விரலை விட்டேன். எலும்புவரை கடித்தார். மற்றக் கையால் குத்தினேன். முதலில் ஒரு பல் வந்தது, அப்புறம் துண்டு.

"உனக்கு ஈ அடிக்கக்கூடத் தெரியாதுன்னு தங்கச்சி சொல்லுவா," என்றார், ரத்தத்தைத் துப்பி.

அதிகாரி வந்தபோது இருவரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். துண்டை அவர் முன்னால் விரித்து, சட்டை நுனியால் ஒற்றினேன். பிளாஸ்டிக் தாள், எழுத்து அழியவில்லை. சோப்புத் தண்ணீர். கீழே தேதி.

யார் ஒட்டியது என்று கேட்டார்.

நான்தான், என்றார் மச்சான். பல் போயிருந்ததால் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.