ஐந்தாவது மன்றாட்டு

கடைசி வருட வகுப்பில் அவளுக்கு ஸ்பீக்கர் என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள். அவள் அதைப் பட்டம் கொடுத்த மாதிரி எடுத்துக்கொண்டாள். குரல் அப்படி. பள்ளிச் சிற்றாலயத்தில் மைக் மக்கர் பண்ணினால் மற்றப் பிள்ளைகள் கையைப் பிசைவார்கள். இவள் மைக்கை ஓரமாக வைத்துவிட்டுப் பேசுவாள், கடைசி பெஞ்சு வரை கேட்கும். கன்னியாஸ்திரீகள் நடத்தும் அந்தப் பள்ளியில் வெள்ளிக்கிழமைதோறும் முதல் பாடவேளை ஜெபம். அதில் மன்றாட்டுகளை, அதாவது எல்லார் சார்பிலும் கடவுளிடம் வைக்கும் வேண்டுதல்களை, வாசிப்பது கடைசி வருட மாணவிகளின் வேலை. முறை வைத்து வாசிக்க வேண்டும் என்பதுதான் ஒழுங்கு. ஆனால் முக்கியமான நாள் என்றால் மட்டும் எப்படியோ ஸ்பீக்கரின் முறையாகவே அது அமைந்துவிடும்.

கடைசி வருடத்துக்கு இன்னொரு ஏற்பாடும் இருந்தது. தேர்வு பயத்தில் பிள்ளைகள் சாப்பிடாமல் தூங்காமல் வாடிப்போகிறார்கள் என்று, ஆலோசகர் டீச்சர் அவர்களை இரண்டிரண்டு பேராகத் துணை சேர்த்துவிட்டிருந்தார். வாரம் ஒருமுறை ஒருத்தி மற்றவளை உட்காரவைத்து, எப்படி இருக்கிறாய் என்று நிஜமாகவே கேட்க வேண்டும். கேட்டதை வெளியே விடக்கூடாது. தாங்க முடியாத விஷயமாக இருந்தால் டீச்சரிடம் மட்டும் சொல்லலாம். நல்ல ஏற்பாடுதான். நடைமுறையில் "எப்படி இருக்கே?", "இருக்கேன்" என்று கடமை முடிந்து, மீதி நேரம் இயற்பியல் கணக்கைப் பார்த்து எழுதுவதில் போகும்.

ஸ்பீக்கருக்குத் துணை பஞ்சு. அவள் பேசினால் பக்கத்தில் இருப்பவளுக்கே பாதிதான் கேட்கும் என்பதால் அந்தப் பெயர். ஊருக்கே கேட்கிறவளையும் யாருக்கும் கேட்காதவளையும் ஜோடி சேர்த்துவிட்டதாக வகுப்பில் சிரித்துக்கொள்வார்கள். ஒரு மதிய இடைவேளையில் இருவரும் பீடத்துப் பூச்சாடிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கர் கடமைக்குக் கேட்டாள்.

"எப்படிடி இருக்கே?"

பஞ்சு வழக்கமான பதிலைச் சொல்லவில்லை. குழாயை மூடினாள்.

"அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க. மனசு சரியில்லாதவங்கள சேக்கிற ஆஸ்பத்திரி. யார்கிட்டயும் சொல்லிடாத. தங்கச்சிக்கே தெரியாது. சித்திக்குக் குழந்தை பிறந்திருக்கு, உதவிக்குப் போயிருக்காங்கன்னு சொல்லி வச்சிருக்கோம்."

அப்பாவுக்கு இரவு வேலை. சமையல், துணி, அதே பள்ளியில் ஆறாம் வகுப்பில் படிக்கும் தங்கையின் வீட்டுப்பாடம் எல்லாம் பஞ்சுவின் தலையில். வகுப்பில் தூங்கி வழிகிறாள் என்று டீச்சர்கள் அவளைப் பிடிபிடியென்று பிடித்ததற்கெல்லாம் இதுதான் காரணம். ஸ்பீக்கர் ஈரக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டாள்.

"உயிரே போனாலும் என் வாயிலருந்து வராதுடி" என்றாள். மனதாரத்தான் சொன்னாள், அதில் சந்தேகமே வேண்டாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை பெற்றோரை அழைத்திருந்தார்கள். வழக்கமாகச் சின்ன வகுப்புகளுக்கு ஜெபம் தனியாக நடக்கும். அன்று எல்லாரும் ஒன்றாக. சின்னவர்கள் முன்வரிசையில், பெற்றோர் இரண்டு பக்கமும். ஸ்பீக்கர் கையில் வேதபாடம் எடுக்கும் மறைக்கல்வி டீச்சர் திருத்திக் கொடுத்த ஐந்து மன்றாட்டுகள் இருந்தன. முதல் நான்கும் சப்பென்று போயின. உலக அமைதிக்காக என்றபோது ஒரு தகப்பனார் கொட்டாவி விட்டார். நல்ல மழைக்காக என்றபோது ஒரு அம்மா கைப்பைக்குள் எதையோ துழாவினார். எல்லாரும் சேர்ந்து சொல்லும் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" சுரத்தே இல்லாமல் வந்தது. ஸ்பீக்கருக்கு இது பழக்கமில்லை.

ஐந்தாவது, துன்புறும் குடும்பங்களுக்காக. தாளில் ஒரே வரி. அவள் தாளைவிட்டுக் கண்ணை எடுத்தாள்.

"எங்களில் ஒருத்திக்காக மன்றாடுகிறோம். அவள் பெயரைச் சொல்லமாட்டேன், ஆண்டவரே, நீர் அறிவீர். அவளுடைய தாய் மனநல மருத்துவமனையில் இருக்கிறார். விடியும் முன் எழுந்து சமைத்து, தங்கைக்குத் தலை பின்னிவிட்டு, எரியும் கண்களோடு அவள் வகுப்பில் வந்து அமர்கிறாள்."

கொட்டாவி விட்ட தகப்பனார் நிமிர்ந்து உட்கார்ந்தார். கைப்பை மூடியது. ஸ்பீக்கர் அதைப் பார்த்தாள். அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

"சித்திக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, அம்மா உதவிக்குப் போயிருக்கிறார் என்று அந்தச் சின்னத் தங்கை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறாள்."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஸ்பீக்கரின் குரல் தானாக இறங்கிக் குழைந்தது. முடிப்பதற்கு இன்னும் ஒரு வரி வேண்டும் போலிருந்தது, நெஞ்சில் போய் உட்காருகிற மாதிரி. பஞ்சு அப்படி எதையும் சொல்லவில்லை. இவளுக்கு நாக்கில் வந்தது, சொன்னாள்.

"பிள்ளைகளின் சுமையைத் தாங்க முடியாமல் மனம் உடைந்துபோன அந்தத் தாயைக் குணமாக்கும்."

எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று கூரை அதிர்ந்தது. முன்வரிசையில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பிள்ளை மட்டும் வாயைத் திறக்கவில்லை. பின்னிவிட்டது யார் என்று ஸ்பீக்கருக்குத் தெரியும். அவள் அங்கே இருந்ததைக் கவனிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. ஜெபம் தொடங்கும் முன் அந்தப் பிள்ளை இவளைப் பார்த்துக் கையாட்டியது, இவளும் பதிலுக்கு ஆட்டினாள்.

வாசலில் தலைமைச் சிஸ்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னமா ஜெபிச்சே! எனக்கே கண்ணு கலங்கிடுச்சு."

அது யார் வீட்டுப் பிள்ளை என்று பெற்றோர்கள் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். மாணவிகளுக்கு விசாரிக்கத் தேவைப்படவில்லை. தங்கையைக் கையில் பிடித்துக்கொண்டு தினமும் பள்ளி கேட்டுக்குள் ஓடி வருகிறவள் கடைசி வருடத்தில் ஒருத்திதான். ஒவ்வொருத்தியாகத் திரும்பிப் பார்க்க, அந்தப் பார்வைகளுக்கு நடுவே பஞ்சு நேராக வந்து நின்றாள்.

"நான் பேரைச் சொல்லலடி" என்றாள் ஸ்பீக்கர்.

"பேரை மட்டும்தான் சொல்லல."

அன்றைக்குத்தான் பஞ்சுவின் குரல் நாலு பேருக்குக் கேட்டது. அதற்குமேல் அவள் நிற்கவில்லை. தங்கை கழிவறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டிருந்தாள். அவளை எப்படியோ வெளியே வரவழைத்து, இரண்டு பைகளையும் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஸ்பீக்கர் ஆலோசகர் டீச்சரின் அறைக்குப் போனாள். நாலு திட்டு வாங்கினால் தேவலை என்றிருந்தது. டீச்சர் திட்டவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது.

"எப்பம்மா உங்கிட்ட சொன்னா?"

"போன வாரம், டீச்சர்."

"அன்னைக்கே எங்கிட்ட வந்திருக்கலாமே. அவ வீட்டுச் சாப்பாட்டுக்கு ஒரு வழி பண்ணியிருப்பேன். டீச்சருங்க அவள திட்டாம பாத்திருப்பேன்."

"சாமிகிட்டதான் டீச்சர் சொன்னேன்."

"சாமிக்கு நல்லாவே காது கேக்கும்மா. அதுக்கு மைக் எதுக்கு?"

வெளியே வந்தவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அந்தக் கடைசி வரியைப் பற்றி அவள் டீச்சரிடம் மூச்சுவிடவில்லை. ரகசியத்தை உடைத்ததற்கு நல்லெண்ணம் என்று ஒரு சாக்காவது இருந்தது. இல்லாததைச் சேர்த்துச் சொன்னதற்கு எந்தச் சாக்கும் இல்லை. சபை அழுதது, அந்த அழுகை அவளுக்கு இனித்தது, இன்னும் கொஞ்சம் வேண்டியிருந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? வீட்டில் சோறு இறங்கவில்லை. காய்ச்சலோ என்று அம்மா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அந்தக் கை அங்கே இருப்பதே தனக்குத் தகாது என்று தோன்றியது. நெற்றியை விலக்கிக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் காலை பஞ்சுவின் வீட்டுக்குப் போனாள். அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சி மாடி. லிப்ட் ஓடவில்லை. படியேறும்போதெல்லாம், எங்கே ஆரம்பிப்பது, எந்த இடத்தில் மன்னிச்சிடு என்பது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஏறினாள். ஒத்திகை பார்க்கிறோம் என்று பாதியில் உறைத்தது. அப்படியே திரும்பிப் போய்விடலாமா என்றுகூட நினைத்தாள்.

கதவைத் திறந்தது தங்கை. கையில் துடைப்பம். ஒரு பின்னல் காதுக்கு மேலும் இன்னொன்று கழுத்துக்குக் கீழும் இருந்தது.

"அக்கா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கா. அப்பா தூங்குறாரு, மெதுவா பேசுங்கக்கா."

"நீ என்ன பண்றே?"

"வீடு பெருக்குறேன். பாத்திரமெல்லாம் கழுவிட்டேன். தலையக்கூட நானே பின்னிக்கிட்டேன். இனிமே எல்லாம் நானே பண்ணிக்குவேன்."

ஸ்பீக்கர் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததெல்லாம் போன இடம் தெரியவில்லை. வாசலிலேயே முழங்காலிட்டு அந்தப் பிள்ளையின் முகத்துக்கு நேராக உட்கார்ந்தாள்.

"இங்க பாரு. நேத்து நான் சொன்னேன்ல, பிள்ளைங்க சுமை தாங்காமன்னு? அது பொய்மா. உங்கக்கா அப்படிச் சொல்லவே இல்ல. உங்கம்மாவுக்கு வந்திருக்கிறது ஒரு நோய். உன்னால எதுவும் இல்ல. கேக்க நல்லாருக்கும்னு நானா சேத்துக்கிட்டது அது."

பிள்ளை அவளை உற்றுப் பார்த்தது.

"ஜெபத்துல யாராச்சும் பொய் சொல்வாங்களாக்கா?"

"நான் சொன்னேன்."

"இல்ல. நான் அழக்கூடாதுன்னு இப்படிச் சொல்றீங்க." தங்கை அதைக் கோபமாகச் சொல்லவில்லை, ஸ்பீக்கரைத் தேற்றுகிற மாதிரி சொன்னாள். "சித்திக்குக் குழந்தைன்னு அக்கா சொன்னால்ல, அந்த மாதிரி. பரவால்லக்கா."

"சத்தியமா சொல்றேன், கேளு."

அவள் கேட்கவில்லை. அப்பா எழுந்துவிட்டாரா என்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டாள்.

"அடுத்த வெள்ளிக்கிழமையும் நீங்கதானே வாசிப்பீங்க? நான் இனிமே அம்மாவ தொந்தரவே பண்ணமாட்டேன்னு அதுல சேத்துச் சொல்லிடுங்கக்கா. நீங்க சொன்னா நல்லா கேக்கும்."

அந்தப் பிள்ளை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஸ்பீக்கர் சரி என்று சொல்வதற்காகக் காத்துக்கொண்டு நின்றது.