மோத்திக்கு இடம் தெரிந்துவிட்டது

ரேஸ் மைதானத்தில் லாரியிலிருந்து இறங்கியதும் மோத்தி தலையைத் தூக்கிக் காற்றை மோந்து பார்த்தது. பிறகு காதுகள் இரண்டையும் விடைத்துக்கொண்டு, யாரும் இழுக்காமலே முன்னால் நடந்தது. எங்கள் குதிரை சந்தோஷமாக இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

மோத்தி எப்படிப்பட்ட குதிரை என்று சாந்தோம் கடற்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். சரியான சோம்பேறி. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மணலில் ஒரு நடை போய் வருவதற்குள் சுண்டல் வண்டி, ஐஸ் வண்டி, பலூன் சுடுகிற கடை என்று எல்லா இடத்திலும் நின்று விசாரித்துவிட்டுத்தான் வரும். கயிற்றை இழுத்து இழுத்தே என் வீட்டுக்காரர் காஷிஃபுக்குத் தோள்பட்டை இறங்கிப்போனது. ஒரு காலத்தில் அது ரேஸில் ஓடிய குதிரைதான். இனி ஓடாது என்று கழித்துவிட்ட பிறகு எங்களிடம் வந்தது. கடற்கரையில் சவாரி போகிற பாதிக் குதிரைகளின் கதை அதுதான், அதில் ஒளிக்க எதுவும் இல்லை.

ரேஸ் மைதானத்துக்கு எங்களை அழைத்தவன் ஷ்ரவண். தேனாம்பேட்டையில் ஆபீஸ் வைத்து விழா நடத்திக் கொடுக்கிற பையன். மைதானத்துக்கு இப்போதெல்லாம் வயதானவர்கள்தான் வருகிறார்களாம், ஸ்டாண்ட் பாதி காலியாம். குடும்பங்களை வரவழைக்கும் வேலையை அவனிடம் ஒப்படைத்திருந்தார்கள். பிரியாணிக் கடை, முகத்தில் வண்ணம் தீட்டுகிற இடம், காற்றடித்த கோட்டை, அதோடு பிள்ளைகளுக்குக் குதிரை சவாரி. ‘குடும்ப ஞாயிறு’ என்று பெயர் வைத்து நந்தனம் வரைக்கும் பேனர் கட்டியிருந்தான்.

காஷிஃபுக்குத் தலைகால் புரியவில்லை. சின்ன வயதில் ஜாக்கி ஆக ஆசைப்பட்டு, உயரம் கூடிப்போனது என்று அதே கேட்டில் திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். இப்போது அவர்களே கூப்பிட்டு உள்ளே விடுகிறார்கள். வேண்டாம் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை.

சவாரிக்கு ஒதுக்கிய இடத்தைப் பார்த்ததும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஓடுபாதையின் ஓரத்து வேலியில் ஒரு பகுதியைக் கழற்றிவிட்டு, அங்கே கலர் கலராக ரிப்பன் கட்டியிருந்தார்கள்.

“இன்னாங்க இது? ரேஸு ஓடுற எடத்துல ரிப்பன் கட்டி வச்சிகிறானுங்க. இது தாங்குமா?”

“அக்கா, டென்ஷன் ஆவாதீங்க,” என்றான் ஷ்ரவண். “ஸ்டாண்ட்ல இருந்து பாத்தா சவாரி போற குழந்தைங்களும் தெரியணும், ஓடுற குதிரைங்களும் தெரியணும். ஒரே போட்டோல ரெண்டும். அதான் கான்செப்டே.”

“உன் கான்செப்ட்ல இடி வுழ.”

“கம்முனு இரு ரூஹி,” என்று காஷிஃப் பல்லைக் கடித்தார். “அதுக்கு வயசாய்ட்ச்சி. ஐஸ் வண்டியத் தாண்டவே அரை நாள் ஆவுது. அது ஓடப்போவுதா இன்னா?”

ஐஸ் வண்டி அங்கேயும் நின்றது. மோத்தி அதன் பக்கம் திரும்பவே இல்லை. தூரத்தில் இருந்த இரும்புக் கூண்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தது. ரேஸுக்கு முன்னால் குதிரைகளை வரிசையாக நிறுத்தி, எல்லாக் கதவையும் ஒன்றாகத் திறந்துவிடுகிற கூண்டுகள் அவை. வெல்லக்கட்டியை நீட்டினேன், மோந்துகூடப் பார்க்கவில்லை. கழுத்தில் கை வைத்தேன். தோலுக்கு அடியில் ஏதோ துடித்துக்கொண்டே இருந்தது.

“தண்ணி கூடக் குடிக்கல பாருங்க. இன்னிக்கி வோணாம். ஊட்டுக்குப் போய்டலாம்.”

“வந்துட்டுத் திரும்பிப் போறதா? பாத்து சிரிக்க மாட்டானுங்க?”

வந்திருந்த குடும்பங்கள் தள்ளியே நின்றன. பெரிய குதிரையாக இருக்கிறதே என்று ஒவ்வொரு அம்மாவும் பிள்ளையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். யாராவது ஒரு குழந்தை ஏறினால்தான் மற்றவர்கள் வருவார்கள் என்று ஷ்ரவண் சொன்னான். காஷிஃப் திரும்பி எங்கள் ஜோயாவைப் பார்த்தார். ஆறு வயது. முகத்தில் புலி வரைந்துகொண்டு, மஞ்சள் கவுனில் குதித்துக்கொண்டு வந்து நின்றாள். நான் கையை நீட்டுவதற்குள் அவளைத் தூக்கி மோத்தியின் மேல் உட்கார வைத்துவிட்டார்.

“பீச்சுல தெனம் ஏறுறவதானே,” என்றார்.

அந்த நேரத்தில் பாட்டை நிறுத்தினார்கள். ரேஸ் தொடங்கப்போகிறது என்று மைக்கில் சொன்னார்கள். மைதானம் அமைதியானது. மோத்தி பின்னங்கால்களை மெதுவாக மடக்கித் தாழ்ந்தது. கடற்கரையில் ஒருநாளும் அது அப்படி நின்று நான் பார்த்ததில்லை.

“எறக்குங்க,” என்று கத்தினேன். “எறக்குங்க அவள!”

கூண்டுக் கதவுகள் படாரென்று திறந்தன.

கயிறு காஷிஃபின் உள்ளங்கைத் தோலை உரித்துக்கொண்டு போனது. ரிப்பன் அறுந்தது கூடத் தெரியவில்லை. மோத்தி ஓடுபாதையில் இருந்தது, மேலே மஞ்சளாக என் குழந்தை. பின்னால் மொத்தக் குதிரைகளும் வந்துகொண்டிருந்தன. விழுந்தால் அத்தனை குளம்பும் அவள் மேல்தான். நான் ஓடினேன். யா அல்லா, விழாமல் பிடித்துக்கொள், விழாமல் பிடித்துக்கொள் என்று கத்திக்கொண்டே ஓடினேன். குதிரைகள் மோத்தியை எட்டிப் பிடித்துச் சூழ்ந்துகொண்டன. மஞ்சள் நிறம் மறைந்துபோனது. ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

எல்லைக் கம்பத்தைத் தாண்டிக் கூட்டம் கலைந்தபோது மோத்தி கடைசியாக வந்தது. தானாக வேகத்தைக் குறைத்து, தானாகத் திரும்பி, ஸ்டாண்டுக்கு முன்னால் போட்டோவுக்கு நிற்பதுபோல் நின்றது. வாயில் நுரை. ஜோயா கழுத்தோடு ஒட்டிக் கிடந்தாள். விரல்களில் பிடரி மயிர் சுற்றி இறுகியிருந்தது, ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்தேன். புலியின் கோடுகள் கன்னமெல்லாம் கரைந்திருந்தன. கவுன் நனைந்திருந்தது.

அப்போதுதான் சத்தம் காதில் விழுந்தது. கைதட்டல், விசில். இதுவும் விழாவில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். “ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!”

ஷ்ரவண் ஓடிவந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறான் என்று நினைத்து, அறைவதற்குக் கையை ஓங்கி வைத்திருந்தேன். அவன் முகமெல்லாம் பல்.

“அக்கா, செம! எல்லாரும் வீடியோ எடுத்துட்டாங்க. அடுத்த ஞாயிறு கூட்டம் தாங்காது. பாப்பாவுக்குக் குட்டி ஜாக்கி டிரெஸ் தைச்சிரலாம். என்ன சொல்றீங்கண்ணா?”

நான் காஷிஃபைப் பார்த்தேன். இவனைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் ரத்தம் வழிகிற கையை மார்போடு அணைத்துக்கொண்டு ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தனை பேரும் நின்றுகொண்டு கத்தினார்கள்.

“ஹெல்மெட் போட்டு வுடலாம், ரூஹி,” என்றார்.

காயம்படாத கையை ஜோயாவின் தலையில் வைத்தார். தடவிக்கொடுக்கிறார் என்றுதான் நினைத்தேன். விரல்களை விரித்து, காதிலிருந்து காது வரைக்கும் சாண் வைத்து அளந்துகொண்டிருந்தார்.