தவிட்டுக்கு விற்ற பிள்ளை

பகல் பன்னிரண்டுக்கு லூசியா தேவாலய மணி அடிக்கத் தொடங்கியபோது நாகேஸ்வரி தன் பிள்ளையை விற்றாள்.

விலை ஒரு சிறங்கை தவிடு. வாங்கியவள் பக்கத்து வீட்டு றோஸி. ஆங்கிலேய மன்னரின் முடிசூட்டு விழாவுக்கு அடுத்த வருஷம் அது. கொழும்பு கொட்டாஞ்சேனைச் சந்தியில் கட்டிய அலங்கார வளைவின் மூங்கில்கள் அவிழ்ப்பாரில்லாமல் மழையில் கறுத்துக்கொண்டிருந்தன.

பிள்ளை தங்காத வீட்டில் பிறந்ததை, பிள்ளைகள் தங்கி வளரும் வீட்டுக்காரிக்கு விற்றுவிட வேண்டும். வாங்கியவள் பெயர் வைப்பாள். பிறகு பெற்றவளே அதை வளர்ப்புப் பிள்ளையாக எடுத்துக்கொள்ளலாம். எமன் வந்து கேட்டால், எங்களுக்கென்று இங்கே ஒன்றும் இல்லை என்று கையை விரிக்கலாம். யாழ்ப்பாணத்தில் நாகேஸ்வரியின் ஊரில் இப்படி விற்று வாங்கிய பிள்ளைகள் நான்கைந்து பேர் பெரியவர்களாகி நடமாடினார்கள்.

றோஸிக்கு ஐந்து பிள்ளைகள். ஐந்தும் கல்லுக்குண்டு மாதிரி. அவர்களுக்கு மூத்தவன் ஒருவன் துறைமுகத்தில் தவறி விழுந்து போனவன். அந்தக் குறுகிய ஒழுங்கையில் எல்லாரும் அவனைச் செல்லமாகச் சூட்டி என்றார்கள். நாகேஸ்வரி கொழும்புக்கு வருமுன் நடந்தது அது. தண்ணீர் கொண்டுபோனதை அவள் நோயோடு சேர்த்துக் கணக்குப் பார்க்கவில்லை.

அவள் கணவன் கனகசபாபதி கப்பல் கந்தோரில் எழுதுவினைஞர். ஒருகாலத்தில் பெயர்களுக்குப் பொருள் பார்ப்பதில் பித்துப் பிடித்தவர். மூத்தவனுக்குத் தன் தகப்பன் பெயரையே வைத்தார்: சிவபாதசுந்தரம். சிவனின் பாதத்து அழகு. ஒன்பது மாதம் இருந்தான். அடுத்தது சரோஜினிதேவி. தாமரைக்காரி. அவள் பல் முளைக்குமுன் போனாள். மூன்றாவதற்குப் பெயர் வைக்கும் நாளே வரவில்லை. அதன் பிறகு அவர் பெயர்களைப் பற்றிக் கதைப்பதை விட்டுவிட்டார்.

"என்ர பேருக்குப் பொன்னம்பலத்து அரசன் எண்டு பொருள்," என்றார் விற்கிற அன்று. "அரசன் கந்தோரிலை மற்றவன்ர சாக்கு மூட்டையை எழுதிறான். பேரிலை ஒண்டும் இல்லை. விக்கிறதெண்டா வில்லும்."

றோஸி தவிட்டை நாகேஸ்வரியின் சேலைத் தலைப்பில் போட்டாள். பிள்ளையை ஏந்திக்கொண்டு தன் வாசற்படி ஏறினாள். மாதா படத்துக்கு முன்னால் நின்று அதன் நெற்றியில் சிலுவை போட்டாள். திரும்பி வந்தபோது அவள் கண் கலங்கியிருந்தது.

"யேசுரட்ணம்," என்றாள்.

கனகசபாபதி தொண்டையைச் செருமினார். "சைவ வீட்டிலை யேசுரட்ணம். எமனுக்குத் தலை சுத்தப் போகுது."

நாகேஸ்வரிக்கு அந்தப் பெயர் பிடித்தது. எமன் தேடாத பெயர்.

பிள்ளை வளர்ந்தான். முகம் பார்த்தான், குப்புற விழுந்தான். காலையில் றோஸி யன்னலடியில் நின்று "யேசுரட்ணம், எழும்பிட்டீங்களா தொரை?" என்று கூப்பிட்டால் தலையைத் திருப்பினான். ஐந்தாம் மாதம் காய்ச்சல் வந்தது.

டாக்டர் கலவை மருந்து கொடுத்தார். காய்ச்சல் இறங்கும்; அந்திக்கு ஏறும். மூன்றாம் நாள் றோஸி வந்து தொட்டிலில் குனிந்தாள்.

"பாரு தங்கச்சி, மூக்கச் சுருக்கிறான். அவனும் இப்பிடித்தான், காய்ச்ச எண்டா முதல்ல மூக்கச் சுருக்குவான். ரெண்டு யேசுரட்ணமும் ஒரே மாதிரி."

"ரெண்டோ?"

"என்ட மூத்தவன்."

"அவன் சூட்டியெல்லோ?"

"அது வீட்டுல கூப்பிட்டது. கோயில்ல குடுத்த பேர் யேசுரட்ணம்தானே." றோஸி பிள்ளையின் காலைத் தடவினாள். "வேற யாருக்கும் குடுத்திருக்க மாட்டன். வீட்டு மனுசனே கேட்டாரு, அந்தப் பேரையா குடுத்த எண்டு. நம்மட்ட இருக்கிறதிலயே நல்லதத்தானே குடுக்கணும் எண்டன்."

அவள் போன பிறகு நாகேஸ்வரி யன்னலைச் சாத்தினாள். பிள்ளையை ஒளித்து வைப்பதற்காக விற்றாள். எமன் ஒருமுறை கூப்பிட்டுக் கொண்டுபோன பெயரையே அதற்கு வாங்கி வந்திருக்கிறாள்.

கனகசபாபதி வந்து சப்பாத்தைக் கழற்றும்போது சொன்னாள்.

"செத்தவையின்ர பேரை வைக்கிறது உலகத்திலை இல்லாத வழக்கமோ? நாங்களும்தானே வைக்கிறம். மூத்தவனுக்கு என்ர அப்பாவின்ர பேர்தானே."

"மாமா எண்பது வயசு இருந்தவர். இது ஏழு வயசிலை போன பெடியன்."

அவர் மற்றச் சப்பாத்தின் கயிற்றை இழுத்தார்.

"பேரிலை ஒண்டும் இல்லை எண்டு சொன்னனான்," என்றார்.

"அப்ப கூப்பிடுங்கோ. ஒருக்காக் கூப்பிடுங்கோ பாப்பம்."

அவர் தொட்டிலைப் பார்த்தார். "பிள்ளைக்குப் போர்த்திவிடும்," என்றார்.

மறுநாள் எதிர்வீட்டு ஸைனம்பு இளநீர் கொண்டுவந்தாள். அவள் கணவன் குறுக்குத் தெருவில் புடைவைக்கடை வைத்திருப்பவர். நாகேஸ்வரி சொன்னதைக் கேட்டுவிட்டு ஸைனம்பு தன் மோவாயில் கை வைத்தாள்.

"இதுக்கா இப்பிடி ஒக்காந்தீக்கிற? பேர் பாரமாப் போனா புள்ள தூக்காது. எங்கட ஆக்கள்ல மாத்திடுவாங்க. என்ட சின்னவனுக்கு மொதல்ல வச்ச பேரு வேற. நோயாவே கெடந்தான். பள்ளிவாசல் லெப்பையக் கூப்பிட்டு மாத்தினம், இப்ப தெருவுல நாயக் கூட வெரட்டுறான்."

"மாத்தினது ஆர்?"

"நாங்கதான். எங்கட புள்ளதானே."

"இது எங்கட பிள்ளை இல்லை அக்கா. வித்திட்டன்."

ஸைனம்பு சிரிக்கப் போய் நிறுத்திக்கொண்டாள். நாகேஸ்வரி விளையாட்டாகச் சொல்லவில்லை. விற்றவளே பெயரை மாற்றினால் வியாபாரம் முறிந்துபோகும். பிள்ளை மறுபடி இந்த வீட்டுப் பிள்ளையாகிவிடும். இந்த வீட்டுக்கு எமன் மூன்று தரம் வழி கேட்காமல் வந்து போனவன். பெயரை வைத்திருக்கவும் பயம், எடுக்கவும் பயம்.

"அப்ப வாங்கினவகிட்டயே கேளு," என்றாள் ஸைனம்பு. "அவ வாயால மாத்தினா சரிதானே."

அதைத் தவிர வேறு வழி அவளுக்கும் தெரியவில்லை.

பின்னேரம் காய்ச்சல் ஏறத் தொடங்கியதும் பிள்ளையைத் துவாயில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு போனாள். றோஸி பின்பக்கத்தில் கீரி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். பிள்ளையைக் கண்டதும் சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கையைக் கழுவிவிட்டு வாங்கிக்கொண்டாள்.

"கொதிக்குது. இந்த நேரத்துல ஏன் வெளிய எடுத்த?"

"றோஸியக்கா, இவனுக்கு வேற பேர் ஒண்டு வையுங்கோ."

"ஏன், என்ட பேர் கடிக்குதா?"

நாகேஸ்வரி துவாயின் நுனியை இழுத்துப் பிள்ளையின் காலை மூடினாள். றோஸியின் சிரிப்பு மெதுவாக இறங்கியது.

"நீங்கள் வச்சாத்தான் அக்கா. நான் வைக்கேலாது. என்ன பேரெண்டாலும் பரவாயில்லை. அந்தோனி எண்டு வையுங்கோ. குப்பை எண்டு வையுங்கோ."

"செத்தவன்ட பேர் எண்டா?"

"ஓம்."

றோஸி கட்டையில் உட்கார்ந்தாள். பூனை ஒன்று மீன் சட்டிக்கு வந்தது. அவள் விரட்டவில்லை.

"அவன எடுத்துவந்து கிடத்தின நாள்ல இருந்து இந்த வீட்டுல அந்தப் பேர யாரும் சொல்லல்ல. மனுசன் சொல்லவுட மாட்டாரு. வருசத்துக்கு ஒருக்கா ஆத்துமப் பூசையில சாமி செத்தவங்கட பேரோட வாசிப்பாரு, அதோட சரி. ஒன்ட புள்ளய வாங்கின அண்டைக்குத்தான் நான் வாய் நிறையச் சொன்னன். அதுக்குப் பிறகு ஒவ்வொரு காலையும் சொல்லுறன்."

"எனக்குத் தெரியும் அக்கா."

"ஒனக்குத் தெரியாது."

"மூண்டு பறிகுடுத்தனான்," என்றாள் நாகேஸ்வரி. "எனக்கும் தெரியும்."

பூனை சட்டிக்குள் தலையை விட்டது. றோஸி பிள்ளையின் காதோரம் குனிந்து அந்தப் பெயரை மெதுவாகச் சொன்னாள். காய்ச்சலில் துவண்டு கிடந்த தலை நிமிர்ந்தது. கண்கள் அவள் வாயைத் தேடின. இரண்டு பேரும் பார்த்தார்கள். நாகேஸ்வரி கையை நீட்டினாள். பிள்ளையை எடுக்கவும் முடியவில்லை, கையை இறக்கவும் முடியவில்லை.

"சரி, மாத்துறன்," என்றாள் றோஸி. "என்ட மகன் ரெண்டாந்தரமும் போனான் எண்டு வச்சுக்கிறன். அதுக்குப் பிறகும் இந்தக் காய்ச்ச எறங்காட்டி, யார்ட்டப் போய் என்னத்த மாத்தச் சொல்லிக் கேப்ப, தங்கச்சி?"