சிவப்புப் பொட்டு

ஆய்வுக்கூடத்தில் குப்பி கழுவுகிறேன், பதினோரு வருஷமாக. அங்கே எவனையும் நான் நம்பியதில்லை. பொட்டலத்தை மாற்றி வைத்துவிட்டு முழிப்பார்கள். கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அதனால் மாப்பிள்ளையின் மில்லிலிருந்து மிளகாய்த்தூள் சோதனைக்கு வந்தபோது அந்தப் பொட்டலத்தை விட்டு நான் கண்ணை எடுக்கவில்லை. அவரும் என் மகளும் கையில் இருந்ததையெல்லாம் போட்டு ஆரம்பித்த மில். சாயம் இருக்கிறது என்று வந்தால் பூட்டுதான். தூள் சுத்தம். அந்த மிளகாய்க்குக் காம்பு கிள்ளியதே நான்தான்.

தூளை இரண்டு காகித உறையில் பிரித்துப் போடுவார்கள். ஒன்று சோதனைக்கு. மற்றது தகராறு வந்தால் பிரிக்க, அலமாரியில் இருக்கும். மேலே எண் எழுதியிருப்பார்கள். எண்ணை எவன் வேண்டுமானாலும் அடித்து எழுதலாம். ஆள் இல்லாத நேரம் பார்த்து இரண்டு உறையிலும் சிவப்பு மைப் பேனாவால் ஒரு பொட்டு வைத்தேன். இனி மாற்றிப் பாருடா என்று இருந்தது.

சாயம் கண்டுபிடிக்கவென்று தங்கத்தைக் கண்ணுக்குத் தெரியாத பொடியாக்கித் தண்ணீரில் வைத்திருக்கிறார்கள். பெயர்தான் தங்கம், பார்த்தால் திராட்சைச் சாறு. தூளை ஊறவைத்து எடுத்த நீரில் ஒரு சொட்டு அதில் விட்டு லேசர் வெளிச்சம் அடித்தால் திரையில் கோடு மலை மலையாக ஏறும். சாயத்துக்குச் சாயம் மலை வேறு.

சோதிக்கிற அம்மா மூன்றாம் நாள் கூப்பிட்டாள்.

"பெரியவரே, உங்க மாப்பிள்ளை தூள்ல துணிச்சாயம் இருக்கு. துளியூண்டு."

"மெஷினுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சும்மா."

"அண்டாத் தண்ணியில கடுகளவு கலந்தாலும் புடிச்சிரும் அது. உங்க கண்ணாடியை மாத்துங்க முதல்ல." சிரித்துக்கொண்டே உறையைத் திருப்பியவள் நிறுத்தினாள். மிளகு அளவு நான் வைத்த பொட்டு, காசு அளவுக்கு ஊறியிருந்தது. "இது யாரு வச்சது?"

"நான்தான்."

"தூள்ல எண்ணெய் இருக்குல்ல? மையை உள்ள இழுத்திருக்கு. இந்த மையும் அந்தச் சாயமும் ஒண்ணுதான் பெரியவரே."

"அப்படியே எழுதிக் குடும்மா. இல்லைன்னா புதுசா தூள் எடுத்துப் பாரு."

"மில்லுல அன்னைக்கு எடுத்ததுதான் கணக்கு. எழுதத்தான் போறேன். ஆனா மாமனார் உறையில கை வச்சார்னு படிச்சா மேல இருக்கிறவங்க என்ன நினைப்பாங்க? மாட்டினதும் கட்டின கதைன்னுவாங்க. மாப்பிள்ளை சொல்லித்தான் வச்சீங்கன்னுவாங்க."

"பொய் சொல்லலைம்மா."

"எனக்குத் தெரியுது. அவங்களுக்கு உங்களைத் தெரியாதே."

அவள் எழுதினாள். மேலே இருப்பவர்கள் அவள் சொன்னபடியே நினைத்தார்கள். எனக்கு வேலை போயிற்று, மில்லுக்குப் பூட்டு வந்தது. பூட்டுக்கு மேல் அரக்கு.

அன்று சாயங்காலம் மாப்பிள்ளை தெம்பாகத்தான் இருந்தார். எனக்கு வேலை போனதுகூட இன்னும் அவருக்குத் தெரியாது. "அப்பீல் போடறேன் மாமா. ரெண்டாவது உறை இருக்கே."

"அப்பா இருக்கிற எடம். எவனும் கை வைக்க முடியாது" என்றாள் மகள்.

"அதுலயும் வச்சிருக்கேன்" என்றேன்.

இருவருக்கும் புரியவில்லை. முதலிலிருந்து சொன்னேன். பாதியில் மகள் எழுந்து உள்ளே போனாள். மாப்பிள்ளை கடைசி வரை கேட்டார்.

"தூள் சுத்தம்னு உங்களுக்குத் தெரியும்ல மாமா? அப்புறம் எதுக்குப் பொட்டு?"

"அவனுங்களை நம்பல மாப்பிள்ளை."

"அவங்களை மட்டுமா, என்னையுமா?" என்று கேட்டுவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.