இருவர் சேர்ந்தால்தான் தடுப்பு

"கப்பல்ல வேலை கிடைச்சிருச்சுப்பா. இன்ஜின் ரூம் மெக்கானிக்" என்று மகள் சொன்னதும் கண்ணாடிக் கடைக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊரார் கண்ணில் இருக்கும் கோளாறையெல்லாம் கண்டுபிடிக்கிற மனிதர், சொந்த வீட்டில் நடந்தது தெரியாமல் இருந்திருக்கிறார்.

கத்தினார், கெஞ்சினார், சாப்பாட்டை ஒதுக்கினார். அவள் மசியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"கார்டு ஆடுவோம். நீ ஜெயிச்சா போ, நான் வாயே தொறக்க மாட்டேன். தோத்தா இங்கயே வேலை தேடு."

அது காசு வைத்து ஆடும் சீட்டு இல்லை. மகள் பள்ளி நாளில் வாங்கி வந்த மாயாஜாலக் கார்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு மிருகமோ பூதமோ இருக்கும். அது பாய்ந்து வரும்போது எதிராளி தன் கார்டை முன்னால் நிறுத்தினால் தடுப்பு. நிறுத்தாவிட்டால் அடி நேராக உயிர்ப் புள்ளியில் விழும். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து ஒரு கட்சி, இருவருக்கும் ஒரே உயிர். மகள் தனிக் கட்சி. அவரவர் கார்டை அவரவர்தான் நகர்த்த வேண்டும் என்பது விதி. ஆனால் மனைவியின் கார்டையும் இவரே கைநீட்டி நகர்த்திவிடுவார். "அவளுக்கு இதெல்லாம் எங்க புரியுது" என்று ஒரு சமாதானம் வேறு. அவளும் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை.

ஆட்டம் சூடு பிடித்தது. மகள் கழுகை அனுப்பினாள். பறப்பதைத் தரையில் நிற்பவர் தொட முடியாது, அம்புதான் எட்டும். இவர் வில்லாளியை நிறுத்திக் கழுகை வீழ்த்தினார், வில்லாளியும் செத்தான். அடுத்து நிழல் நரி வந்தது. நிழலை நிழல்தான் தடுக்கும். இவரிடம் நிழல் நாய் இருந்தது.

"எந்த வழியா வந்தாலும் வாசல்ல நான் நிப்பேன்டி!" என்று தொடையைத் தட்டினார். ஆனால் இவள் இல்லாத வீட்டை அவரால் நினைக்கவே முடியவில்லை.

இன்னும் ஒரே அடி விழுந்தால் அவர்கள் தோற்றுவிடுவார்கள் என்ற நிலையில் மகள் தன் கடைசிக் கார்டை வைத்தாள். ஒற்றைக் கொம்புக் கரடி. "இதத் தனியா யாரும் தடுக்க முடியாது. ரெண்டு பேர் சேர்ந்தாத்தான்" என்றாள்.

அவர் சிரித்துவிட்டார். அவரிடம் நாய், மனைவியிடம் கல் பூதம். வேறென்ன வேண்டும்? நாயை முன்னால் தள்ளினார். பார்க்காமலே மனைவியின் கார்டுக்குக் கை நீட்டினார். விரலில் கார்டு படவில்லை. கார்டின் மேல் அவள் உள்ளங்கை இருந்தது.

"கைய எடு."

"இது என் கார்டுங்க."

"தெரியுது. தடுக்கலன்னா தோத்துருவோம்."

"நான் தடுக்கல."

காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டார்களா? மகளைப் பார்த்தார். அவளும் வாயைப் பிளந்துகொண்டு, "அம்மா?" என்றாள்.

"உனக்கு விதி புரியல" என்றார். அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. "நான் மட்டும் தடுத்தா செல்லாது."

"புரியுதுங்க. எப்பவுமே புரிஞ்சுது."

மனைவியின் கண்ணுக்குப் பவர் பார்த்துக் கண்ணாடி போட்டுவிட்டவரே அவர்தான். இப்போது கண்ணாடிக்குப் பின்னால் அது நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பெண்ணைப் பிரிவது அவளுக்கும்தான் வலிக்கிறது என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஆனாலும் கார்டின் மேலிருந்த அவள் கை நகரவில்லை.

ஏதோ கேட்க வாயைத் திறந்தார். கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்து மூடிக்கொண்டார். தனியாக நின்ற நாயைப் பின்னால் இழுத்தார்.

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகள் பக்கம் திரும்பினாள்.

"என்ன பாத்துட்டு இருக்க? அடி" என்றாள்.