பதினாலாம் கட்டிலும் பன்னிரண்டு மணி வாசலும்

1

"உங்க கதைகள்ல வர்ற ஆஸ்பத்திரியில ஒரே ஒரு டொக்டர்தானே இருக்காரு, மிஸ்?" என்று ஜெனீரா கேட்டாள்.

"ஏன், ஒருத்தர் போதாதா?"

"கட்டில் விரிக்கிறது யாரு? சோறு குடுக்கிறது யாரு? வாசல்ல நிக்கிறது யாரு? எல்லாம் அவரேதான் செய்றாருன்னா, அந்த நேர்ஸ் புள்ளய எப்ப லவ் பண்றாரு?"

பதுளை பஸ் நிலையத்தில், பண்டாரவளை பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது நடந்த பேச்சு. இந்தக் கதை பிறந்தது அங்கேதான். ஜெனீரா ஒரு பெண்கள் வார்டில் சிற்றூழியர். என் குடும்பக் காதல் கதைகளை விடாமல் படிப்பவள், விடாமல் திட்டுபவள். அவள் சொன்னது சரிதான். என் ஆஸ்பத்திரிகளில் ஒரு டொக்டர், ஒரு நேர்ஸ், ஜன்னலோரத்தில் ஒரு கட்டில், அதில் கடைசி அத்தியாயம் வரை சாகாமல் பார்த்துக்கொள்ளும் ஒரு தாய். இவ்வளவுதான் ஆளணி.

அதனால் இந்தத் தடவை ஜெனீராவையும் சேர்த்து எல்லோரையும் வேலைக்கு எடுத்திருக்கிறேன்.

(பதுளையில் உண்மையாகவே ஒரு பெரியாஸ்பத்திரி இருக்கிறது. அது இதில் வராது. எதிர்மலையில் எனக்கென்று ஒன்று கட்டி, 'போதனா வைத்தியசாலை' என்று பலகையும் மாட்டிவிட்டேன். காகிதத்தில் கட்டுவதால் டெண்டர் தேவைப்படவில்லை.)

2

முதல் தொடக்கம்:

மலைமுகடுகளில் பனி தவழ்ந்த அந்த அதிகாலையில், வெள்ளைக் கோட் அணிந்த இளம் டொக்டர் தயாபரன்

வேண்டாம். தயாபரன் வார்டில் கடைநிலை டொக்டர். நேற்றுக் காலை தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை. பனி தவழ்ந்தாலும் உருண்டாலும் அவருக்குத் தெரியாது.

இரண்டாவது தொடக்கம்:

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்து ஜீவராணி, கொழுந்துச் சாக்கோடு மேட்டில் ஏறும்போது மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டாள்.

இது இருக்கட்டும். தோட்டத்து மருந்துக்காரர் சின்ன ஆஸ்பத்திரிக்கு எழுதினார். சின்ன ஆஸ்பத்திரி என் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதியது. பெரிய ஆஸ்பத்திரி அவள் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டதும் மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டது. இதய வால்வு ஒன்று சுருங்கியிருக்கிறது. அதன் சத்தம், பாடப்புத்தகத்தில் எழுதியிருப்பதுபோல அவ்வளவு தெளிவாகக் கேட்கிறதாம். இப்படி ஒரு நெஞ்சு கிடைப்பது அபூர்வமாம். அவளுக்குப் பதினாலாம் கட்டில் கிடைத்தது.

3

போதனா வைத்தியசாலையின் நிர்வாக அமைப்பைக் குடும்பக் கதை எழுதுகிறவளிடம் விளக்கச் சொன்னால் இப்படித்தான் விளக்குவாள்: அது ஒரு கூட்டுக் குடும்பம்.

பணிப்பாளர்தான் மாமனார். எல்லாம் அவர் பெயரில், ஆளைத்தான் காண முடியாது. மேட்ரன் மாமியார். இதய வைத்திய நிபுணர் புவனேந்திரன் மூத்த மகன். அவர் உள்ளே வந்தால் வீடே எழுந்து நிற்கும். தயாபரன் புது மருமகள். முதலில் எழும்புவார், கடைசியில் சாப்பிடுவார். மாணவர்கள் விருந்துக்கு வந்த வீட்டுப் பிள்ளைகள்; எதையும் தொடலாம், எதற்கும் பொறுப்பில்லை. (ஜெனீரா எங்கே என்று கேட்காதீர்கள். தன்னை வேலைக்காரி என்று எழுதினால் என் புத்தகங்களை இனி இரவல்கூட வாங்கமாட்டாளாம்.)

நோயாளிகள்? அவர்கள் சம்பந்தி வீட்டார். எல்லா ஏற்பாடும் அவர்களுக்காகத்தான். ஆனால் அவர்களிடம் யாரும் எதையும் நேராகப் பேசுவதில்லை.

4

வியாழக்கிழமை கண்டி ஆஸ்பத்திரிக்கு ஒரு வண்டி போகிறது. அதில் ஏறினால் ஜீவராணியின் வால்வை விரித்து விடுவார்கள். ஏறாவிட்டால் மூச்சு முட்டுவது கூடிக்கொண்டே போகும். எவ்வளவு காலத்துக்கு என்று டொக்டர்கள் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. "எங்க வீட்டுக்காரர்கிட்டக் கேட்டுச் சொல்றேன்" என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

வீட்டுக்காரர் அழகையா, தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் மெசின் பார்ப்பவர். ரோலர் ஓடும்போது நீள ஸ்குரூ டிரைவரின் நுனியை மெசின்மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு நிற்பார். உள்ளே எது தேய்ந்திருந்தாலும் சத்தம் காட்டிக்கொடுக்கும். அப்படிக் கேட்காமல் ஒரு ஆணியைக்கூடக் கழற்ற விடமாட்டார்.

"உனக்கு என்ன புள்ள, நல்லாத்தான இருக்க?" என்பதுதான் நெஞ்சு வைத்தியத்தைப் பற்றி அவருடைய முழு அபிப்பிராயம். ஓடுகிற மெசினைக் கழற்றினால் திரும்பப் பூட்டும்போது அது பழையபடி ஓடாது என்பது அவருடைய பயம். பயம் என்று அவர் சொல்லமாட்டார், நான்தான் சொல்கிறேன்.

(அவரைக் கெட்டவராக்கி இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். அந்தப் பக்கங்களிலும் அவர் தினமும் இரண்டு பஸ் மாறி, சோற்றுப் பார்சலோடு வந்து, அவள் கடைசிப் பருக்கையைச் சாப்பிடும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பக்கங்களைக் கிழித்துவிட்டேன்.)

இங்கேதான் நிர்வாகம் குறுக்கே வருகிறது. புவனேந்திரன் வார்டைச் சுற்றி வந்து பதினொன்றரைக்குள் போய்விடுவார். பார்வையாளருக்கு வாசல் திறப்பது பன்னிரண்டு மணிக்கு. விளக்கிச் சொல்ல வேண்டியவரும் விளங்கிக்கொள்ள வேண்டியவரும் ஒரே கட்டிலடிக்குத்தான் தினமும் வருகிறார்கள். ஒருநாளும் சந்தித்ததில்லை.

5

"பெரிய டாக்டர்கிட்ட ஒன்னு கேக்கணும் தங்கச்சி" என்று ஜீவராணி ஜெனீராவிடம் சொன்னாள்.

ஜெனீரா நேர்ஸிடம் சொன்னாள். டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பச் சொல்கிறாள்போல என்று நேர்ஸ் நினைத்து தயாபரனிடம் சொன்னார். நோயாளி பயப்படுகிறாள் என்று நினைத்த தயாபரன் இன்னொரு ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார். அவருக்கு மேலே இருந்தவர் எதற்கும் இருக்கட்டும் என்று உப்பைக் குறைத்தார். மறுநாள் ஜீவராணிக்கு உப்பில்லாத பருப்பு வந்தது. எல்லோரும் உதவி செய்தார்கள். என்ன கேட்க வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

(புவனேந்திரனுக்கு நல்ல தமிழ் கொடுத்திருக்கிறேன். பழியை மொழிமேல் போட்டுவிட்டு நீங்களும் நானும் சுலபமாகத் தப்பிவிடக் கூடாது.)

நேராகவே கேட்டிருக்கலாமே என்பீர்கள். அவர் அவளிடம் பேசுவது இரண்டே வாக்கியம். "மூச்ச இழுங்கம்மா." "பேசாம இருங்கம்மா." நெஞ்சின் சத்தம் கேட்க வேண்டுமானால் நெஞ்சுக்குச் சொந்தக்காரி பேசக்கூடாது.

6

முடிவு அ: அழகையா கண்கலங்கி, "போய்ட்டு வா புள்ள" என்கிறார். வண்டி மலைப்பாதையில் மறைகிறது. என் வாசகிகள் கைக்குட்டை தேடுவார்கள்.

முடிவு ஆ: டிக்கட் வெட்டுகிறார்கள். இருவரும் பூனாகலை பஸ்ஸில் ஏறுகிறார்கள். அடுத்த வாரம் மறுபடி மேடு, மறுபடி சாக்கு, மறுபடி

இரண்டையும் ஜெனீராவுக்குப் படித்துக் காட்டினேன். "ரெண்டுலயும் ஜீவராணி அக்கா வாயே தொறக்கல்லயே, மிஸ்" என்றாள்.

அதற்குப் பிறகு என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். கடிகாரத்தை நகர்த்தினேன்.

7

புதன்கிழமை றுமைஸா என்ற மாணவிக்கு ஜீவராணியின் நெஞ்சில் அந்தச் சத்தம் பிடிபடவில்லை. மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். புவனேந்திரன் கோபப்படாமல், திரும்பத் திரும்ப அவளைக் கேட்கச் சொன்னார். நேரம் ஓடியது. வாசல் திறந்தது. சோற்றுப் பார்சலோடு அழகையா பதினாலாம் கட்டிலடிக்கு வந்து, வெள்ளைக் கோட்டுகளைப் பார்த்து அப்படியே நின்றார். நேர்ஸ் அவரை விரட்டக் கை தூக்கினார். ஜெனீராவுக்கு அந்த நிமிஷம் பார்த்துத்தான் போர்வைகளைப் பற்றி நேர்ஸிடம் கேட்க அவசரமாக ஒரு சந்தேகம் வந்தது.

"நீங்கதான் புருஷனா?" என்று கேட்ட புவனேந்திரன், பேனாவை வெளியே எடுத்துத் தன் உள்ளங்கையில் வால்வை வரைந்து பொறுமையாக விளக்கினார். நல்ல விளக்கம். நானே விளங்கிக்கொண்டேன்.

"சரிங்க ஐயா" என்று அழகையா தலையாட்டினார்.

ஜீவராணிக்கு அந்தத் தலையாட்டல் தெரியும். தோட்டத்துத் துரை ஏதாவது சொன்னாலும் அப்படித்தான் ஆட்டுவார். பெக்டரிக்குள் போனதும் தன் இஷ்டப்படிதான் செய்வார்.

டொக்டர் பதினைந்தாம் கட்டிலுக்குத் திரும்பிவிட்டார். மாணவர்களும் திரும்பினார்கள். சோற்றுப் பார்சலின் நூலை அழகையா அவிழ்க்கத் தொடங்கினார்.

(இதற்குமேல் நான் எழுதப் போவதில்லை. கண்டி வண்டி, வியாழக்கிழமை, அழகையா நம்பினாரா இல்லையா, எல்லாவற்றையும் உங்களிடம் விட்டுவிடுகிறேன். உங்களுக்கும் அவர்மாதிரி ஒரு ஆளைத் தெரிந்திருக்கும்.)

ஜீவராணி எட்டி, றுமைஸாவின் கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். றுமைஸா நின்றாள். அவள் நின்றதால் எல்லோரும் நின்றார்கள்.

"டாக்டர் ஐயா, வந்த நாள்லருந்து ஒன்னு கேக்கணும்னு இருக்கேன். இவருக்கு வாயால சொன்னா ஏறாதுங்க. மெசினுக்கே காத வச்சாத்தான் நம்புவாரு. இங்க இருக்கிறவங்க எல்லாரும் என் நெஞ்சக் கேட்டுட்டீங்க. இந்தக் குழாய ஒருக்கா எங்க வீட்டுக்காரர் காதுல வைங்க."